கரும்பொருள் ஆய்வு: என்-பாடி சிமுலேஷனா, எமுலேட்டரா?

கரும்பொருள் (ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்) ஈர்ப்பால் திரண்ட கொத்துகளே ஹாலோக்கள். அவற்றின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால், துகள்களை ஈர்ப்பு விதிப்படி நகர்த்தும் என்-பாடி சிமுலேஷன். பிரபஞ்சவியல் அளவுருக்களின் மதிப்பு வேண்டுமென்றால், அத்தகைய சிமுலேஷன்களில் பயிற்றிய எமுலேட்டர், அதாவது சிமுலேஷனை ஓட்டாமலே அதன் முடிவை விரைவாகக் கணிக்கும் மாதிரி. இடம் மாற்றிப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல்.

சிமுலேஷனைக் கட்டிப்போடுவது துகளின் நிறை. 2005இல் வெளியான மில்லேனியம் சிமுலேஷனில் சுமார் 1,000 கோடி துகள்கள். அப்படியும் ஒரு துகள் ஏறத்தாழ 120 கோடி சூரிய நிறை. ஒரு ஹாலோவின் வடிவத்தை நம்ப நூற்றுக்கணக்கான துகள்களாவது வேண்டும். குறு விண்மீன் மண்டலங்களின் ஹாலோக்களுக்கோ அதில் சில துகள்களே மிஞ்சும். நீளவாக்கில் பிரிதிறனை இரட்டிப்பாக்கினால் துகள்கள் 8 மடங்கு. காலப்படிகளும் சுருங்குவதால் செலவு 16 மடங்கைத் தொடும்.

வெதுவெதுப்பான கரும்பொருளில் (தொடக்கத்தில் துகள்கள் ஓரளவு வேகமாக நகரும் வகை) இன்னொரு பொறி உண்டு. கரும்பொருள் இழைகள் நெடுக, மணி கோத்தாற்போல் போலி ஹாலோக்கள் முளைக்கும். அவற்றின் இடைவெளி தொடக்கத் துகள் இடைவெளியை ஒட்டியே இருக்கும். எனவே 8 மடங்கு துகள்களோடு மறுபடி ஓட்டுங்கள். ஹாலோக்கள் குவியும் நிறை மாறினால் அவை போலி. இந்தச் சோதனையில்லாத ஹாலோ எண்ணிக்கையை வைத்துக் கரும்பொருளின் வகையைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது.

எமுலேட்டரின் பலம் வேகம். அளவுருக்களைத் தேட லட்சக்கணக்கான முறை திறன்நிறமாலை (ஒவ்வொரு நீள அளவிலும் பொருள் எவ்வளவு கொத்தாகியிருக்கிறது என்ற கணக்கு) தேவை. ஒவ்வொன்றுக்கும் சிமுலேஷன் ஓட்டுவது நடக்காத காரியம். அளவுரு வெளியில் லத்தீன் ஹைப்பர்கியூப் முறையில் (ஒவ்வொரு அளவுருவின் வரம்பும் சீராக நிரம்பும்படி) புள்ளிகளைப் பரப்பி, அங்கெல்லாம் சிமுலேஷன் ஓட்டி, திறன்நிறமாலையை அப்படியே கொடுக்காமல் நேரியல் கணிப்போடு (சிறு ஏற்றத்தாழ்வுகளுக்கான எளிய கணக்கு) உள்ள விகிதத்தின் மடக்கையைக் கற்பிப்பது நல்லது: மாறுபாடு சிறிதாகும், குறைந்த புள்ளிகளே போதும். பரப்பிய எல்லைக்கு வெளியே கேட்டாலும் அது தயங்காமல் எண் தரும். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

முப்பரிமாணப் பரவலையே கணிக்கும் யூ-நெட் போன்ற நரம்பியல் வலைகளில் அடர்த்தியைவிடத் துகள் இடப்பெயர்ச்சியைக் கற்பிப்பது மேல். பெட்டியின் ஓரங்களில் பூஜ்ஜியம் நிரப்பாதீர்கள். சிமுலேஷனில் ஒரு ஓரம் எதிர் ஓரத்தோடு தொடர்வதால், எதிர்ப்பக்கத் தரவைச் சுற்றிக்கொண்டு வந்து ஒட்டுங்கள். பலர் கவனிக்காத தவறு: ஒரே சிமுலேஷனின் துண்டுகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போடுவது. துல்லியம் பிரமாதமாகத் தெரியும். புதிய தொடக்க நிலையில் சரிந்துவிடும்.

வாயு சேர்ந்தால் இன்னும் கடினம். கேமல்ஸ் என்ற சிமுலேஷன் தொகுப்பில் டிஎன்ஜி, சிம்பா உள்ளிட்ட பல இயற்பியல் மாதிரிகள் உள்ளன. ஒன்றில் பயின்ற வலை மற்றொன்றில் அடிக்கடி தடுமாறுகிறது. ஆகவே மாற்றுத் தொகுப்பில் வரும் பிழையை வெளியிடாமல், பயின்ற தொகுப்பின் பிழையை மட்டும் காட்டும் முடிவை ஏற்கத் தேவையில்லை.