கல்லடி ஓடாவியார் செய்த சாய்மனைக் கதிரை

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி ஒழுங்கைக்குள் இருக்கிற சின்னத் தச்சுப்பட்டறை. அம்மாவுக்கு அங்கேதான் சாய்மனைக் கதிரை செய்வித்தேன். முதிரை மரம், பிரம்புப் பின்னல், 32,000 ரூபாய். பிளாஸ்டிக் கதிரை விலைக்குப் பழகினவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் வேலை நல்ல வேலை.

ஓடாவியார் மரத்தைத் தொடவே இல்லை, முதலில் அம்மாவை வாங்கில் இருத்தி முழங்கால் உயரத்தையும் இடுப்பு அகலத்தையும் அளந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பானிய மொழியில் 'கதேரா' என்றால் இடுப்புத்தான்! நான் பிரெஞ்சு படிப்பிக்கிறவள், இப்படியான சொற்கள் கண்ணில் பட்டால் விடமாட்டேன். கிரேக்கத்தில் இருக்கையைக் குறித்த 'கதெத்ரா' லத்தீனுக்குப் போய், போர்த்துக்கீசில் 'கதெய்ரா' ஆனது. நம் கதிரை அதிலிருந்து வந்தது. (கதிர்காமத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) 1628இல் இங்கே கோட்டை கட்டின போர்த்துக்கீசரிடமிருந்து 1638இல் ஒல்லாந்தர் அதைப் பறித்துக்கொண்டார்கள்; கதிரையை யாரும் பறிக்கவில்லை. ஸ்பானியர்களோ சொல்லை இருக்கையிலிருந்து இருக்கிற உடம்புக்கு மாற்றிவிட்டு, கதிரைக்கு 'சிய்யா' என்கிறார்கள். இத்தாலியில் 'கத்தெத்ரா' ஆசிரியரின் மேசை. பிரெஞ்சில் ஒரே சொல் இரண்டாய்ப் பிரிந்தது: பிரசங்க மேடைக்கும் பேராசிரியர் பதவிக்கும் 'ஷேர்', வீட்டுக் கதிரைக்கு 'ஷேஸ்'. ஆயரின் ஆசனம் இருக்கிற கோயிலைக் கதீட்ரல் என்பதும் இதே வேர்தான். புளியந்தீவில் மரியன்னை பேராலயத்துக்குள் போனால் அந்தக் கதிரையைப் பார்க்கலாம்.

சரி, நம்முடைய கதிரைக்கு வருவோம். இருக்கை உயரம் 16 அங்குலம். அம்மா கை ஊன்றாமல் எழும்புகிறா. பின்னலின் கண்கள் எல்லாம் ஒரே அளவு. முதுகுச் சட்டம் கூடச் சரிந்ததென்று சொன்னதும், "ஒருக்கா இருந்து பாரு புள்ள" என்று என்னையும் இருத்திவிட்டுத்தான் அரை அங்குலம் குறைத்தார்.

குறை இரண்டு. சொன்ன நாளுக்கு ஒரு கிழமை பிந்தித்தான் தந்தார். அப்புறம், வலக்கைப் பலகையின் அடிப்பக்கம் சரியாக மினுக்கப்படவில்லை, சேலை நூலை இழுக்கிறது. சொன்னால் வந்து செய்து தருவார் போலத்தான் இருக்கிறது, நான் இன்னும் சொல்லவில்லை.

செய்விக்கிறதென்றால் மாரி தொடங்க முன்னம் சொல்லிவையுங்கள். ஈர நாளில் வார்னிஷ் காயாது, பட்டறையும் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும்.