பைகுவனைடிலிருந்து குளோரினுக்கு: வீட்டு நீச்சல் குளத்துக்கு எது சரி?

பைகுவனைடு என்ற, குளோரின் இல்லாத கிருமிநாசினியில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைக் குளோரினுக்கு மாற்றி ஆயிற்று. அதே யோசனையில் இருப்பவர்களுக்காகவும், புரோமின் பக்கமோ, உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்பு இயந்திரத்தின் பக்கமோ போகலாமா என்று தயங்குபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெயில் படும் திறந்தவெளிக் குளம் என்றால் குளோரின்தான், அதிலும் திரவக் குளோரின். மற்றவை ஒவ்வொன்றுக்கும் நல்ல பக்கம் உண்டு, ஆனால் அவற்றில் எதற்கும் நான் திரும்பிப் போக மாட்டேன்.

பைகுவனைடு என்று கடைகளில் விற்பது பிஎச்எம்பி என்ற பாலிமர். நீரில் 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரை வைத்திருக்க வேண்டும். வெயிலில் சிதையாது, வாடை கிடையாது, நீச்சலுடை வெளுக்காது, தண்ணீரும் உடம்புக்கு மெத்தென்று இருக்கும், தினமும் சோதிக்க வேண்டியதில்லை. இதெல்லாம் உண்மைதான், விளம்பரப் பேச்சு என்று தள்ள மாட்டேன். குளோரினுக்கு வந்தால் இவற்றில் சிலவற்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 'குளோரின் வாடை', 'கண் எரிச்சல்' என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் குளோரின் அதிகமாக இருப்பதால் வருவதில்லை. வியர்வை, சிறுநீர் போன்றவற்றில் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோராமின்களின் வேலை அது. குளத்துக்குப் பக்கத்தில் போனாலே மூக்கில் ஏறுகிறது என்றால், அங்கே வேலை செய்யும் குளோரின் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குளத்து நீரில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, கிருமியைக் கொல்வது. இன்னொன்று, வியர்வை, உடம்பு எண்ணெய், சன்ஸ்கிரீன், இலைதழை என்று உள்ளே வந்து சேரும் கரிமக் கழிவை ஆக்சிஜனேற்றம் செய்து அழிப்பது. குளோரின் இரண்டையும் தானே செய்துவிடும். பைகுவனைடு முதல் வேலையை மட்டும்தான் செய்யும். இரண்டாவதுக்கு 27 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தனியாக ஊற்ற வேண்டும். பாசிக்கு மூன்றாவதாக ஒரு மருந்து. மூன்றும் சேர்ந்தால்தான் அந்த முறை முழுமை. ஆரம்பத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெராக்சைடு அழிக்காமல் விட்ட கழிவும், பாலிமர் பிடித்துத் திரட்டிய அழுக்கும் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே, அது ஃபில்டரில் போய்ச் சேர்கிறது. மணல் பிசுபிசுத்துக் கட்டி கட்டியாகிறது, அழுத்தமானி ஏறுகிறது, பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது) அடிக்கடி தேவைப்படுகிறது, அப்படியும் நீர் மங்கலாகவே நிற்கிறது.

அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய தலைவலி. பைகுவனைடைத் தாங்கிக்கொள்ளும் உயிரிகள் இருக்கின்றன. மேல்நீரை உள்ளிழுக்கும் ஸ்கிம்மர் வாயில், ஏணிக்குப் பின்னால், விளக்கின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத குழாய்களுக்குள், நனைந்த டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டதுபோல் வெள்ளைப் பூஞ்சை மிதக்கும். இல்லையென்றால் இளஞ்சிவப்பு வழுவழுப்பு படியும். தேய்த்து எடுத்தால் போகும், திரும்ப வரும். பைகுவனைடின் அளவைக் கூட்டினால் பெரிதாக ஒன்றும் நடக்காது, பெராக்சைடைக் கூட்டினால் கொஞ்ச நாள் அடங்கும். குளோரின் ஒரு தடவை போட்டால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். அதைத்தான் செய்ய முடியாது: குளோரினும் பைகுவனைடும் ஒரே நீரில் சேர்ந்தால் நீர் நிறம் மாறிப் பிசுக்கு திரளும், பெராக்சைடோ போட்ட குளோரினை உடனே தின்றுவிடும். புரோமின், செம்பு கலந்த பாசி மருந்துகள், உப்பு இயந்திரம் எதுவும் இதனோடு சேராது. ஆக, நீர் கெட்டால் சரிசெய்ய அதே முறைக்குள் இருக்கும் அதே விலை கூடிய மருந்துகளைத்தான் இன்னும் கூடுதலாக ஊற்ற வேண்டும். கெட்டுப்போன நீரை மீட்க உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி, பைகுவனைடில் அதற்கு நல்ல பதில் கிடையாது.

குளோரினில் பதில் ரொம்ப எளிது. நீர் பச்சையானால் குளோரினை ஏற்றி, அதே அளவில் பிடித்துவைத்து, சுவரைத் தேய்த்து, பம்பை நிறுத்தாமல் ஓட்டினால் போதும். எவ்வளவு போட வேண்டும் என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு பிபிஎம் என்றால் 1,000 லிட்டருக்கு ஒரு கிராம். 50,000 லிட்டர் குளத்தில் ஒரு பிபிஎம் ஏற்ற 50 கிராம் குளோரின் வேண்டும், லிட்டருக்கு 100 கிராம் குளோரின் உள்ள 10 சதவீதத் திரவத்தில் அது அரை லிட்டர். வேலை முடிந்ததா என்பதையும் அளந்தே சொல்லலாம்: இரவு ஒரு தடவை, வெயில் படுவதற்குமுன் காலையில் ஒரு தடவை அளந்து பார்க்கும்போது ஒரு பிபிஎம்முக்கு மேல் குறையவில்லை என்றால் நீரில் குளோரினைத் தின்ன ஒன்றும் மிச்சமில்லை. இதற்குத் துளி விட்டு எண்ணும் எஃப்ஏஎஸ்-டிபிடி கிட் வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சாதாரண டிபிடி கிட்டில், குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறமே வெளுத்துப்போய் 'குளோரின் இல்லை' என்பதுபோல் காட்டிவிடும். மாற்றும் வேளையில் அந்தக் குழப்பம் வேண்டவே வேண்டாம்.

குளோரினுக்கும் பராமரிப்புத் தொல்லை இருக்கிறது, மறைக்க மாட்டேன். முதல் எதிரி வெயில். பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரினில் பாதி, நேர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் சயனூரிக் அமிலம், ஸ்டெபிலைசர் என்று சொல்வார்களே அது. 30 முதல் 50 பிபிஎம் போதும். ஆனால் அது குளோரினைக் காக்கும்போதே அதன் வேகத்தையும் குறைக்கிறது, அதனால் ஸ்டெபிலைசர் எவ்வளவோ அதில் ஏழெட்டு சதவீதமாவது குளோரின் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டுக் குளம் வைத்திருப்பவர்களிடையே புழங்கும் கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லும் குறைந்தபட்சம் ஒரு பிபிஎம், ஸ்டெபிலைசர் இருந்தால் 2 பிபிஎம், பிஎச் 7.0 முதல் 7.8 வரை.

இங்கேதான் மாத்திரைக் குளோரின் பற்றிச் சொல்ல வேண்டும். மிதக்கும் டப்பாவில் போட்டு விட்டுவிடலாம் என்பதால் எல்லோருக்கும் ட்ரைகுளோர் மாத்திரை பிடிக்கும். அது 10 பிபிஎம் குளோரின் தரும்போது கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் விட்டுவிட்டுப் போகிறது. குளோரின் தீர்ந்துவிடும், அமிலம் தங்கிவிடும். நாளுக்கு 2 பிபிஎம் செலவாகும் குளத்தில் ஒரே மாதத்தில் 36 பிபிஎம் ஏறிவிடும். அப்புறம் பார்த்தால் அளவில் குளோரின் சரியாகக் காட்டும், குளம் மட்டும் பச்சையாகும், தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழி இருக்காது. கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் இந்தப் பிரச்சினை இல்லை, அதற்குப் பதில் நீரின் கடினத்தன்மை ஏறும். திரவக் குளோரின் கொஞ்சம் உப்பைத் தவிர வேறு எதையும் விட்டுவைக்காது. ஆனால் சுமக்க வேண்டும், வெப்பத்தில் வைத்தால் வீரியம் இறங்கும், கிட்டத்தட்ட தினமும் ஊற்ற வேண்டும். இந்தக் கடைசி விஷயம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் அது நியாயமான காரணம்தான்.

மாற்றும் வேலைக்கு வருவோம். குளத்தை மொத்தமாகக் காலி செய்வது சுலபம் என்று தோன்றும். ஆனால் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் இடத்தில் காலிக் குளம் தரையிலிருந்து மேலே எழும்பிவிடும் ஆபத்து உண்டு, குளத்தின் உள்உறையான வினைல் லைனர் சுருங்கிவிடலாம். காலி செய்தாலும் குழாயிலும் ஃபில்டரிலும் படிந்தது அப்படியே இருக்கும். பாதி நீரை மாற்றினால் பாதி பைகுவனைடு போகும், செலவு அந்த அளவுக்குக் குறையும், அது நல்லது. மீதியைக் குளோரினாலேயே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு மாற்றத்துக்குப் பல நாள் முன்பிருந்தே பைகுவனைடு, பெராக்சைடு இரண்டையும் நிறுத்திவிடுங்கள், தானாகக் குறையட்டும். பிறகு திரவக் குளோரினை 15 பிபிஎம் வரை ஏற்றி, குறையக் குறைய மறுபடி அதே அளவுக்குக் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் போட்டது போட்டபடி மறையும், பயப்பட வேண்டாம், பெராக்சைடு தீரும்வரை அப்படித்தான். நீர் மஞ்சளாகலாம், பழுப்பாகலாம், பச்சையாகலாம், நுரையும் பிசுக்கும் மேலே வரலாம். பம்ப் இரவும் பகலும் ஓடட்டும், அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ். இந்த நாட்களில் யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள். ஸ்டெபிலைசரும் போடாதீர்கள்: அது குளோரினின் வேகத்தைக் குறைத்துவிடும், நமக்கு இப்போது வேகம்தான் வேண்டும். அது இல்லாததால் பகலில் வெயில் நிறையத் தின்னும் என்பது உண்மை, ஆகவே பெரிய அளவை மாலையில் ஊற்றுங்கள். ஏணியைக் கழற்றித் தேயுங்கள், ஸ்கிம்மர் உள்ளே, விளக்குக்குப் பின்னால் எல்லாம் தேயுங்கள்.

நீர் தெளிந்து, இரவுச் சோதனையும் தேறிய பிறகு ஃபில்டர் மணலை மாற்ற வேண்டும், கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் என்றால் புதிய கார்ட்ரிட்ஜ். இதைத் தவிர்த்தால் பழைய மணலில் ஒட்டியிருக்கும் பாலிமர் மெல்ல மெல்லக் கரைந்து குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும், மாற்றம் முடியாத கதையாக நீளும். மணல் மாற்றியதும் ஸ்டெபிலைசர், பிஎச், காரத்தன்மை என்று வழக்கமான சமன்பாட்டுக்கு வரலாம்.

புரோமினை நான் சிறிய வெந்நீர்த் தொட்டியில்தான் பார்த்திருக்கிறேன், பெரிய குளத்தில் வைத்திருந்த அனுபவம் இல்லை, அதைக் கணக்கில் வைத்துப் படியுங்கள். தொட்டியில் அது நன்றாகவே இருந்தது. பிஎச் 8 ஆனாலும் வேகம் அதிகம் இறங்காது, அதே பிஎச்சில் குளோரினின் வலுவான வடிவம் கால்வாசிதான் மிஞ்சும். அதே நைட்ரஜன் சேர்மங்களோடு புரோமின் சேர்ந்து உண்டாகும் புரோமமின்களுக்குக் குளோராமின் அளவுக்கு வாடையும் இல்லை. ஆனால் வெயிலிலிருந்து புரோமினைக் காக்க சயனூரிக் அமிலம் உதவாது, அதனால் திறந்த குளத்துக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே புரோமினில் இருப்பவர்கள் குளோரினுக்கு மாற நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: நீரில் புரோமைடு இருக்கும்வரை நீங்கள் ஊற்றும் குளோரின் அதை மறுபடி புரோமினாகவே மாற்றிக்கொண்டிருக்கும். அங்கே நீரை மாற்றுவதுதான் நேர்வழி.

உப்பு இயந்திரம் தனி முறையே இல்லை, அதுவும் குளோரின்தான். நீரில் சுமார் 3,000 பிபிஎம்முக்கு மேல் உப்பு இருந்தால் மின்சாரத்தால் அங்கேயே குளோரின் தயாராகும். தினமும் ஊற்ற முடியாதவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன், பிஎச் ஏறிக்கொண்டே இருக்கும், சில ஆண்டுகளில் குளோரின் தயாரிக்கும் செல்லை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். செம்பு-வெள்ளி அயனி, ஓசோன், புற ஊதா விளக்கு இவையெல்லாம் துணைக்கு மட்டும். ஓசோனும் விளக்கும் கிருமியைக் கொல்லும் எதையும் குளத்து நீரில் மிச்சம் வைப்பதில்லை, செம்பு மெதுவாக வேலை செய்யும், அதிகமானால் கறையும் விழும். மூன்றிலும் அடியில் கொஞ்சம் குளோரின் வேண்டும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் குளோரின் பலவீனமானது, ஒரு பிபிஎம் குளோரினில் அந்த ஒட்டுண்ணி பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும், புற ஊதா விளக்கு அதை நன்றாகவே அடக்கும். வயிற்றுப்போக்கு இருப்பவர்களைக் குளத்தில் இறக்கக் கூடாது என்பது எந்த முறைக்கும் பொருந்தும்.

மாற்றிய பிறகு மிஞ்சும் பெராக்சைடு, பைகுவனைடு பாட்டில்களைக் குளோரின் வைக்கும் அறையில் வைக்காதீர்கள். ட்ரைகுளோர் போட்ட மிதவை டப்பாவில் கால்சியம் ஹைப்போகுளோரைட்டைப் போடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ செய்யும். பிஎச் குறைக்கும் அமிலம் குளோரினோடு கலந்தால் நச்சு வாயு வரும், ஒன்றை அளந்த குவளையால் மற்றதை அளக்காமல் தனித்தனிக் குவளை வைத்துக்கொள்ளுங்கள்.