பீபிள்ஸ் ஊரின் சங்கங்களும் தன்னார்வப் பணிகளும்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவந்தவை

எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 37 கிலோமீட்டரில், ட்வீட் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் பீபிள்ஸ். மக்கள்தொகை ஒன்பதாயிரத்தை ஒட்டி இருக்கும். ஆனாலும் ஊருக்கென்று ஒரு நாடக அரங்கு, வாராந்தர ஓட்டம், லான் பௌல்ஸ் (புல்தரையில் பந்து உருட்டும் விளையாட்டு) மைதானம், ஜூன் மாதத் திருவிழா, சுற்றுவட்டார மலைகளுக்கு ஒரு மீட்புக் குழு என எதற்கும் குறைவில்லை. இவற்றில் பெரும்பாலானவை ஓடுவது சம்பளம் வாங்காத ஆட்களால். வேலைக்காக ஸ்காட்லாந்தின் இப்படிப்பட்ட ஊர்களுக்குக் குடிபெயரும் மருத்துவர்களும் செவிலியர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் முதல் வருடத்தை வீட்டுக்கும் வேலைக்கும் நடுவிலேயே கழித்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் தன்னார்வப் பணி செய்ய அனுமதி உண்டு. எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி. எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே தெரிந்த வேலையில் தொடங்குங்கள், கமிட்டிப் பொறுப்பைக் கடைசிக்கு வையுங்கள்.

தகவல் கிடைப்பதுதான் முதல் சிக்கல். சங்கங்களின் இணையப் பக்கங்கள் பல வருடக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். மின்னஞ்சல் போட்டால் பதில் வர ஒரு வாரம்கூட ஆகலாம், ஏனென்றால் அந்தச் செயலாளரும் வேலைக்குப் போகிறவர், பெட்டியைத் திறப்பதே வாரத்துக்கு ஒரு முறைதான். அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். ஹை ஸ்ட்ரீட் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் ஒட்டியிருக்கும் தாள்கள், 'பீபிள்ஷைர் நியூஸ்' வாரப் பத்திரிகை, சேம்பர்ஸ் இன்ஸ்டிடியூஷனில் உள்ள நூலகம் ஆகிய மூன்றும் ஃபேஸ்புக்கை விட நம்பகமானவை. 1859-இல் பதிப்பாளர் வில்லியம் சேம்பர்ஸ் ஊருக்குக் கொடுத்த கட்டடம் அது. நூலக உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. உள்ளரங்கச் சங்கங்கள் செப்டம்பரில் தொடங்கும், வெளிவிளையாட்டுகள் ஏப்ரலில். புதியவர்களை வரவேற்கும் நாட்களும் அந்த இரண்டு மாதங்களில்தான் பெரும்பாலும் வரும். நவம்பரில் போய்க் கேட்டால் குழுக்கள் அமைந்து, பயிற்சி பாதி முடிந்திருக்கும்.

முதல் வேலைக்கு எங்கள் பரிந்துரை பார்க்ரன், அதாவது தன்னார்வலர்கள் நடத்தும் வாராந்தர ஓட்டம். ஹே லாட்ஜ் பூங்காவில் சனிக்கிழமை காலை நடக்கிறது, தூரம் 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ஸ்காட்லாந்தில் தொடக்கம் 9.30 மணிக்கு, இங்கிலாந்தின் 9 மணியை நினைத்துக்கொண்டு வருபவர்கள் அரை மணி நேரம் குளிரில் நிற்கிறார்கள். ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இணையத்தில் ஒரு முறை பதிவு செய்து பார்கோடு வாங்கிக்கொண்டு, வாரத்தின் நடுவில் அந்த நிகழ்வின் முகவரிக்கு 'இந்த வாரம் உதவ வருகிறேன்' என்று எழுதினால் போதும். பதினொன்றுக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இதில் உண்மையிலேயே கவனம் கேட்கும் இடம் முடிவுக் கோடு. நேரம் பதிபவர் ஒவ்வொருவர் கோட்டைக் கடக்கும்போதும் செயலியில் ஒரு தட்டு தட்டுகிறார். ஓடி வந்தவர்கள் வரிசை கலையாமல் கயிற்றுப் பாதை வழியே வந்து எண் போட்ட டோக்கனை வாங்குகிறார்கள், பிறகு தங்கள் பார்கோடையும் டோக்கனையும் ஸ்கேன் செய்யக் கொடுக்கிறார்கள். நேரப் பட்டியலையும் டோக்கன் பட்டியலையும் இணைப்பது வரிசை எண் மட்டுமே. ஒருவர் டோக்கன் வாங்காமல் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்விட்டால், அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் ஓர் இடம் தள்ளிய நேரம் விழும். இரண்டு டோக்கன் ஒட்டிக்கொண்டு போனாலும் இதே கதைதான், எதிர்த்திசையில். அதனால் டோக்கன் கொடுப்பவரும் நேரம் பதிபவரும் அவ்வப்போது எண்ணைச் சத்தமாகச் சொல்லி ஒத்துப்பார்த்து, 'டோக்கன் 40 கொடுத்தபோது கடிகாரத்தில் எண் 41' என்பதுபோல் தாளில் குறித்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால் முடிவுகளைத் தயாரிப்பவர் பிழை எங்கே நுழைந்தது என்று சில நிமிடங்களில் பிடித்துவிடுவார். மழையில் நனைந்த தாள் பார்கோடு ஸ்கேன் ஆகாது, லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஜனவரிக் குளிரில் பழைய போனின் பேட்டரி திடீரென்று படுத்துவிடும். உள்பையில் உடம்பு சூட்டில் வைத்திருந்து தேவைப்படும்போது எடுங்கள்.

லான் பௌல்ஸ் முதியோர் விளையாட்டு என்ற எண்ணத்தை விடுங்கள். ஏப்ரல் கடைசியில் திறந்து செப்டம்பரில் மூடும் பருவம். முதல் நாளுக்குக் குதிகால் இல்லாத தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணி இருந்தால் போதும், பந்துகளைச் சங்கமே இரவல் தரும். இரண்டு கைகளின் கட்டைவிரல்களும் நடுவிரல்களும் பந்தின் சுற்றளவைச் சுற்றித் தொட்டுக்கொண்டால் அதுதான் உங்கள் அளவு. பந்து ஒரு பக்கமாக வளைந்து ஓடும்படி செய்யப்பட்டது. சின்னக் குறி இருக்கும் பக்கம்தான் அது வளையும் பக்கம். அதை மாற்றிப் பிடித்தால் பந்து நேராகப் பக்கத்துக் களத்துக்குள் போய் அங்கே நடக்கும் ஆட்டத்தைக் கலைக்கும். புதியவர்கள் எல்லோருக்கும் ஒரு முறையாவது இது நடக்கும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குழந்தைகளோடு அல்லது பாதுகாப்பு தேவைப்படும் பெரியவர்களோடு தொடர்ந்து பழகும் பணி என்றால் பி.வி.ஜி. எனப்படும் பின்னணிச் சரிபார்ப்புத் திட்டத்தில் உறுப்பினர் நிலை வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இத்தகைய பொறுப்புகளுக்கு இது சட்டப்படி கட்டாயம். தகுதியுள்ள தன்னார்வ அமைப்புகளில் சம்பளமில்லாமல் பணிபுரிபவருக்குக் கட்டணம் இல்லை. ஆவணங்கள் சரியாக இருந்தால் இரண்டு வார அளவில் முடியும். நம்மவர்களுக்குத் தாமதம் வருவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் பின்னால் வரும், ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று சரிபார்ப்பவருக்குத் தெரியாது. எல்லா வடிவங்களையும் 'பிற பெயர்கள்' பகுதியில் எழுதிவிடுங்கள். ஐந்து வருட முகவரிகளையும் மாதம் விடாமல் தயாராக வைத்திருங்கள், சொந்த ஊரில் இருந்த முகவரி உட்பட.

சமூகக்கூட விருந்து, நிதி திரட்டும் மதிய உணவு போன்றவற்றில் நம் சமையலுக்கு நல்ல வரவேற்பு உண்டு. ஆனால் கூடத்துச் சமையலறையின் விதிகள் வீட்டுப் பழக்கத்துக்கு ஒத்துவராதவை. ஸ்காட்லாந்தில் மீண்டும் சூடாக்கும் உணவு 82 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். சாம்பார் அண்டாவின் ஓரத்தில் கொதி வந்ததை நம்பாமல் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, தாளில் எழுதிவையுங்கள். பரிமாறும்வரை 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. சோறுதான் உண்மையான ஆபத்து. வேகவைத்தும் சாகாத பாக்டீரியா வித்துகள் வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பெரிய பாத்திரத்தில் மூடி ஆறவிடாமல் அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். முடிந்தால் அன்றைக்கே வடித்துப் பரிமாறுவதே மேல்.

அடுத்தது ஒவ்வாமைப் பட்டியல். சட்டத்தில் 14 பொருட்கள். அதில் கடுகும் எள்ளும் உண்டு, அதனால் தாளித்தது எல்லாமே பட்டியலில் வரும், நல்லெண்ணெயும் சேர்த்து. பலரும் தவறவிடுவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், ஆகவே 'கோதுமை இல்லை' என்று எழுதிய ரசத்தில் கோதுமை இருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் எந்த அட்டையும் எழுதாதீர்கள். எப்போதோ ஒரு முறை என்றில்லாமல் தொடர்ந்து உணவு வழங்கப்போவதாக இருந்தால் 28 நாட்களுக்கு முன்பே கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். விருந்தில் மது விற்பதாக இருந்தால் தற்காலிக உரிமம் தனி; அதை ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் விண்ணப்பத்தைக் காவல்துறையும் பார்க்கும்.

ட்வீட் வேலி மலை மீட்புக் குழு ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அல்ல. இரவு, பனி, வரைபடம், திசைகாட்டி எல்லாம் கைவந்தவர்கள் சேரும் இடம் அது, பயிற்சிக்காலமும் நீண்டது. மலை ஏறும் எல்லோரும் தெரிந்துவைக்க வேண்டியது: 999 அழைத்து முதலில் போலீஸைக் கேட்க வேண்டும், பிறகு மலை மீட்பு என்று சொல்ல வேண்டும்.

ஊரின் நாடக அரங்கான ஈஸ்ட்கேட்டில் பார்வையாளர்களை வரவேற்று உட்காரவைக்கும் பணி மாலை நேரம் மட்டும் இருப்பவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

குழந்தைகள் உள்ள வீட்டார் மூன்று விஷயங்களைத் தவறவிடக் கூடாது. 22 வயதுக்கு உட்பட்டோருக்கு 2022 ஜனவரி 31 முதல் ஸ்காட்லாந்து முழுக்கப் பேருந்துப் பயணம் இலவசம், ஆனால் அட்டை இருந்தால்தான். எடின்பரோ போகும் எக்ஸ்62-இல் அட்டை இல்லாமல் ஏறினால் முழுக் கட்டணம். 12 முதல் 25 வயது வரை செய்யும் தன்னார்வப் பணி நேரத்துக்கு சால்டயர் விருதுச் சான்றிதழ் உண்டு, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சேர்க்கலாம். ஜூன் மாத பெல்டேன் விழாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிறைய இடம் உண்டு, அதற்கான ஏற்பாடுகள் வசந்தத்திலேயே தொடங்கிவிடும். ஊர்வலத்தன்று ஹை ஸ்ட்ரீட்டில் வண்டி போகாது, அன்றைய வேலைமுறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

குப்பைத்தொட்டி எடுக்கவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் போக வேண்டிய இடம் ஸ்காட்டிஷ் பார்டர்ஸ் கவுன்சில். ஊரின் கம்யூனிட்டி கவுன்சில் வேறு. அதில் இருப்பவர்களுக்குச் சம்பளமும் இல்லை, லாரியும் இல்லை. கட்டட அனுமதி விண்ணப்பங்களில் கருத்துச் சொல்லும் சட்டபூர்வ உரிமை அதற்கு உண்டு, கூட்டங்களில் யாரும் போய் உட்காரலாம். ஊரில் யார் எதைச் செய்கிறார்கள் என்று ஒரே மாலையில் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

கமிட்டிக்கு வாருங்கள் என்ற அழைப்பு சீக்கிரமே வரும், குறிப்பாகக் கணக்கு தெரிந்தவர் என்று பெயர் வந்துவிட்டால். உடனே தலையாட்டாதீர்கள். எஸ்.சி.ஐ.ஓ. (ஸ்காட்லாந்தில் சட்டப்படி தனி அமைப்பாகப் பதிவான அறக்கட்டளை) வகை அறக்கட்டளைக்குக் குறைந்தது மூன்று அறங்காவலர்கள் வேண்டும், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் கணக்கு ஆஸ்கர் எனப்படும் கண்காணிப்பு அமைப்புக்குப் போக வேண்டும். ஒப்புக்கொள்வதற்கு முன் கடந்த வருடக் கணக்கையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பொருளாளர் மாறும்போது வங்கிக் கையெழுத்தை மாற்றுவதற்கு மாதக்கணக்கில் இழுக்கும். பழைய பொருளாளர் ஊரை விட்டுப் போய்விட்டால், கூடத்து வாடகையைக்கூடக் கட்ட முடியாமல் சங்கமே நின்றுபோகும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த அன்றைக்கே, பழையவரும் புதியவரும் ஒரே மேசையில் இருக்கும்போதே, வங்கிப் படிவத்தில் இருவர் கையெழுத்தையும் வாங்கி, கூட்டக் குறிப்பின் நகலை இணைத்து அனுப்பிவிடுங்கள்.