பச்சைக் குறி போட்ட அறிக்கை: மரபுவழிக் கொழுப்புப் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றைப் பற்றி

என் தந்தைக்கு 44 வயதில் மாரடைப்பு வந்தது. அவர் புகைபிடித்தவரும் அல்லர், பருத்த உடம்புக்காரரும் அல்லர். எனக்கும் அந்த வயது நெருங்கியதால், தனியார் ஆய்வகம் ஒன்றின் மரபுவழி இதயநோய்ப் பரிசோதனைத் தொகுப்பை, மருத்துவரைக் கேட்காமல் நானாகவே எடுத்துக்கொண்டேன். வழக்கமான கொழுப்பு அளவுகளுடன், ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களில் ஒன்றான லிப்போபுரோட்டீன் ஏயின் அளவும், ரத்தக் கொழுப்போடு தொடர்புடைய எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9 என்னும் மூன்று மரபணுக்களின் ஆய்வும் அதில் அடக்கம்.

ரத்தம் எடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்டுமுன் என் பெயரையும் பிறந்த தேதியையும் என் வாயாலேயே சொல்ல வைத்துச் சரிபார்த்தார்கள். மரபணு முடிவு வரத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

இத்தொகுப்பில் பணத்துக்கு நியாயம் செய்வது லிப்போபுரோட்டீன் ஏ பரிசோதனைதான். 1963இல் நார்வே நாட்டு அறிவியலாளர் கோரே பெர்க் கண்டறிந்த இந்தத் துகளின் அளவைப் பெரும்பாலும் பரம்பரையே தீர்மானிக்கிறது. உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் அதை அசைப்பதில்லை என்பதால், பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும். வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது தனியாகத் தெரியாது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம், அல்லது லிட்டருக்கு 125 நானோமோல் என்ற அளவைத் தாண்டினால் அபாயம் கூடியதாகக் கொள்கிறார்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அந்தப் பிரிவில் வருகிறார்.

என் அறிக்கையின் முதல் பக்கத்தில் வெறுமனே '118' என்று மட்டும் இருந்தது, அலகு இல்லை. மில்லிகிராம் என்றால் எல்லையைப் போல் இரு மடங்குக்கும் மேல். நானோமோல் என்றால் எல்லைக்குச் சற்றே கீழே. துகளின் பருமன் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஓர் அலகை மற்றதாகத் துல்லியமாக மாற்றவும் வழியில்லை. நானோமோல் என்பதை நான்காம் பக்கத்துப் பொடி எழுத்தில் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு பிடித்தது.

அதைவிடப் பெரிய பிழை மரபணுப் பக்கத்தில். நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதி, பக்கத்தில் பச்சைக் குறியிட்டு, 'குறைந்த அபாயம்' என்று முடித்திருந்தார்கள். அதே அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலோ 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் டெசிலிட்டருக்கு 204 மில்லிகிராம்! வயது வந்தவருக்கு 190ஐத் தாண்டினாலே பரம்பரைக் கொழுப்பு நோயைச் சந்தேகிக்க வேண்டும்; மரபணு மாற்றம் தென்பட்டால் நோய் உறுதியாகும், தென்படாததால் நோய் இல்லை என்றாகிவிடாது, ஏனெனில் சிறு விளைவுடைய பல மாற்றங்கள் சேர்ந்தும் எல்டிஎல்லை உயர்த்தக்கூடும். தொகுப்பில் சேர்த்திருந்த தொலைபேசி ஆலோசனையில் இதைக் கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் அறிக்கையை எனக்கே வாசித்துக் காட்டினார்.

பிறகுதான் மருத்துவரிடம் போனேன். அவர் பச்சைக் குறியைப் பேனாவால் அடித்துவிட்டு, பரம்பரைக் கொழுப்பு நோயின் அடையாளமாகக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருக்கிறதா என்று விரல்களால் அழுத்திப் பார்த்தார். தைராய்டு, சிறுநீரகக் கோளாறு இல்லையென்று உறுதிசெய்த பின் எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதினார். என்னிடம் மாற்றம் எதுவும் பிடிபடாத நிலையில் என் மகளுக்கு மரபணு ஆய்வு பயன்படாது, சாதாரணக் கொழுப்புப் பரிசோதனையே போதும் என்றார். அதை வேறோர் ஆய்வகத்தில் எடுத்தோம்.