பழைய மில்லா, பழைய மண்டபமா?

பல்லடம், சோமனூர், அவினாசிப் பக்கம் தொழில் பயிற்சி மையம் தொடங்க நினைப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது பூட்டிக்கிடக்கும் நூல் மில்தான். 1932-இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவை வட்டாரத்தில் மளமளவென்று மில்கள் எழுந்தன. அந்த மில்களில் பல இன்று மூடிக்கிடக்கின்றன. அதற்குப் போட்டி, புதிய ஏ.சி. மண்டபங்களிடம் தோற்று முகூர்த்த நாளிலும் காலியாக நிற்கும் பழைய கல்யாண மண்டபம்.

மில்லைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ரம்பத்தின் பல் போல ஏறி இறங்கும் கூரையின் வடக்குப் பார்த்த கண்ணாடி வழியே வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். துணியில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் வேலைக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் பல மில்களில் ஈரக்காற்றுக்காகத் தரைக்கடியில் கால்வாய் வெட்டியிருப்பார்கள். அதைச் சரியாக மூடாமல் மேசை போட முடியாது. செம்புக் கம்பிகளை யாராவது எப்போதோ உருவியிருப்பார்கள்.

மண்டபத்தில் பந்திக்கூடம் இருக்கிறது. பவர் டேபிள் தையல் மெஷினும் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினும் அங்கே வரிசையாக நிற்கும். கை கழுவும் தொட்டி, கழிப்பறை, ஜெனரேட்டர் அறை எல்லாம் தயார். கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு மணமகள் அறையில் தொட்டில் கட்டலாம். வயரிங்தான் வம்பு. விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட லைனில் நான்கு அயர்ன் பெட்டிகளைச் செருகினால் அன்றைய வகுப்பு அதோடு சரி. தனி லைன் இழுத்தே ஆகவேண்டும். வாசலில் ஒன்றரை அடிக்குப் படி இருந்தால், அடிக்குப் பன்னிரண்டு அடி என்ற 1:12 கணக்கில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 18 அடி நீளும். முகப்பில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துவிடுங்கள்.

மூடிய சினிமா தியேட்டரைச் சிலர் சொல்கிறார்கள். சரிந்த தரை, ஜன்னலே இல்லாத சுவர். வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானிப்பது பஸ். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த பஸ் மண்டபத்தருகே நிற்கும். ஊரைத் தள்ளித் தோட்டங்காட்டுக்குள் இருக்கும் மில்லுக்கு வேன் வைக்கவேண்டும். பனியன் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும், பயிற்சி மையத்துக்கு ஆகாது. அதோடு மில் கேட்டைப் பார்த்தாலே தயங்குபவர்கள் உண்டு. மண்டபத்தில் ஊரே ஒருமுறையாவது சாப்பிட்டிருக்கும்.

ஆகவே தையல், செக்கிங், கணினி என்றால் மண்டபம். லேத், வெல்டிங் என்றால் மில். அதிலும் முழு மில் எதற்கு, சாலையோரப் பஞ்சு குடோன் மட்டும் கிடைத்தால் போதும். மண்டபத்துக்கு ஒப்பந்தம் போடும்போது, தையிலும் ஆவணியிலும் "ஒரே ஒரு கல்யாணம்தான், விட்டுக்கொடுங்கள்" என்று உரிமையாளர் வரக்கூடாது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.