பழைய கணினியின் ஆயுளை யார் முடிவு செய்வது? இயங்குதளங்கள் ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. முதல் நாள் ஓடிய கணினிகள் மறுநாளும் ஓடின. விசைகள் தேயவில்லை, திரை மங்கவில்லை. ஆனாலும் உலகெங்கும் ஏராளமான கணினிகள் அன்றோடு ‘பழையவை’ ஆகிவிட்டன. விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் ஏறக்குறைய எதுவுமே இந்தத் தேர்வில் தேறாது. தனிநபர்கள் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ள ஒரு திட்டத்தையும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கெடு தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

இயங்குதளங்களை ஒப்பிடுபவர்கள் வேகம் பார்ப்பார்கள், அழகு பார்ப்பார்கள், விளையாட்டுகள் ஓடுமா என்று பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: இந்தக் கணினி எப்போது ஓய்வுபெற வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

அதற்குள் போகும் முன் ஒரு சொல்லைப் பிரித்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமப்பதால் இந்தத் துறையில் நாற்பது ஆண்டுகளாகக் குழப்பம். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. காசு கேட்காதது இலவசம். மூல நிரலைத் திறந்துவைத்து, எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், பகிரலாம், மாற்றியும் கொடுக்கலாம் என்று உரிமை தருவது கட்டற்றது. இலவசமாக இருந்தும் கட்டற்றதாக இல்லாத இயங்குதளம் உண்டு. பழைய கணினி வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடுதான் கடைசியில் கணக்கில் வரும்.

விண்டோஸின் பலம் அதைச் சுற்றி வளர்ந்த மென்பொருள் காடு. கணக்குப் பதிவு, கட்டட வரைபடம், டிஜிட்டல் கையொப்ப டோக்கன், இருபது ஆண்டுக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த அலுவலகப் பயன்பாடு என எல்லாம் முதலில் எழுதப்பட்டது இதற்குத்தான். பழைய பயன்பாடுகளை இவ்வளவு காலம் சுமந்துவருவதில் விண்டோஸுக்கு நிகரில்லை. பிரிண்டரோ ஸ்கேனரோ வாங்கினால் அதை இயக்கவைக்கும் மென்பொருளான டிரைவர் இருக்குமா என்று யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழையச் சொல்கிறது. பயன்பாட்டுத் தரவு நிறுவனத்துக்குப் போவதைக் குறைக்கலாம், முழுவதும் நிறுத்த வழக்கமான அமைப்புகளில் வழியில்லை. தொடக்கப் பட்டியில் நாம் கேட்காத பரிந்துரைகள் வருகின்றன. உரிமத்துக்குக் காசு கொடுத்தவரிடம் இப்படி நடந்துகொள்வது முறையில்லை என்பது என் கருத்து.

மேக்ஓஎஸ்ஸுக்குத் தனியாக விலை கிடையாது. 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்தே அப்படித்தான். ஆனால் உரிமப்படி ஆப்பிள் செய்த கணினியில் மட்டுமே அதை நிறுவலாம் என்பதால், விலையைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். வன்பொருளும் மென்பொருளும் ஒரே இடத்தில் உருவாவதன் இசைவு அதில் நன்றாகத் தெரியும். மூடியைத் திறந்ததும் விழித்துக்கொள்கிறது, பேட்டரி நாள் முழுக்கத் தாங்குகிறது. 2020 இறுதியில் எம்1 சில்லு வந்த பிறகு இதில் மற்றவர்கள் இன்னும் பின்தங்கினார்கள். அதே சில்லுதான் இன்டெல் மேக்குகளின் முடிவையும் எழுதியது. 2025இல் வெளிவந்த டஹோ பதிப்போடு இன்டெல் மேக்குகளுக்குப் புதிய பதிப்புகள் நின்றுவிடும் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. அந்த டஹோவும் கடைசியாக வந்த சில இன்டெல் மாடல்களில்தான் ஏறும்.

அடுத்து குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ். பழைய விண்டோஸ், மேக் கணினிகளில் நிறுவிக்கொள்ளவென்றே கூகுள் 2022இல் இதை வெளியிட்டது. 4 ஜிபி நினைவகம், 16 ஜிபி சேமிப்பிடம் போதும். பிரவுசரும் மின்னஞ்சலும் மட்டுமே வேண்டுபவருக்கு இதைவிடத் தொந்தரவு குறைந்த ஒன்றைக் காட்டுவது கடினம். உள்ளே இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான், அதாவது வன்பொருளை ஆளும் மையப் பகுதி. குரோம்புக்கில் ஓடும் ஆண்ட்ராய்டு பயன்பாடுகள் இதில் ஓடாது என்பதை மட்டும் பலர் நிறுவிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள். நான் சொன்ன வேறுபாட்டுக்கு இதுவே சரியான சான்று. இலவசம், ஆனால் கடிவாளம் கூகுளின் கையில். சான்றளிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே ஆதரவு முடியும் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். ஒரு காலக்கெடுவிலிருந்து தப்பி இன்னொரு காலக்கெடுவுக்குள் போகிறோம்.

இனி லினக்ஸ். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். யாரும் படிக்கக்கூடிய, திருத்தக்கூடிய ஒரு முழு இயங்குதளம் வேண்டும் என்பது அவர் நோக்கம். கருவிகள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன, கர்னல் மட்டும் வரவில்லை. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதிவந்த கர்னலைப் பற்றி அறிவித்தார். அடுத்த ஆண்டே அதை க்னூவின் கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லுக்கு மாற்றினார். அந்த ஓர் உரிம முடிவால்தான் இன்று ஆண்ட்ராய்டு ஃபோனிலும் அது இருக்கிறது, உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையிலும் அது இருக்கிறது. மேசைக் கணினியில் மட்டும் அது இன்னும் சிறுபான்மை. காரணம் தரம் இல்லை. கடையில் வாங்கும் பெட்டிகளில் பெரும்பாலும் விண்டோஸ் முன்பே ஏற்றப்பட்டு வருவதுதான் பெரிய காரணம்.

லினக்ஸ் என்று ஒரே பொருள் கிடையாது, கர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் வழங்கல்கள்தான் உண்டு. புதிதாக வருபவரை முதலில் மருட்டுவதும் இதுதான். நூற்றுக்கணக்கானவை இருந்தாலும் யோசிக்க வேண்டியவை நாலைந்துதான். டெபியன் 1993 முதல் தன்னார்வலர்களால் நடக்கிறது, பின்னால் நிறுவனம் எதுவும் இல்லை, நிதானமாகவே நகரும். அதன் மேல் கட்டப்பட்டது உபுண்டு. கெனானிக்கல் நிறுவனம் 2004இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது லினக்ஸ் மின்ட். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடும், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதம்தான் ஆதரவு. புதியதை உடனே பார்க்க நினைப்பவருக்கு அது பொருந்தும், பழைய கணினியை வைத்து அமைதியாக வேலை பார்க்க நினைப்பவருக்குப் பொருந்தாது.

விண்டோஸிலிருந்து வருபவருக்கு நான் தயங்காமல் சொல்வது மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கைக்குப் பழகியவை அதே இடத்தில் இருக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறக்காமலேயே மாதக்கணக்கில் வேலை பார்க்கலாம். சின்னமன் முகப்பு பளிச்சென்று இருக்கும். பத்தாண்டு பழைய கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ முகப்பை எடுங்கள். மென்பொருளை நிறுவ உபுண்டு தன் ஸ்னாப் பொதிகளை முன்தள்ளியபோது, மின்ட் 2020இல் அதை இயல்பிலேயே முடக்கிவைத்தது. பயனரைக் கேட்காமல் எதுவும் நுழையக்கூடாது என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு மாயையையும் உடைக்க வேண்டும். லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும் என்பார்கள். இயங்குதளம் குறைவான நினைவகத்தில் எழுந்து நிற்கும் என்பது உண்மை. ஆனால் இன்று நினைவகத்தைத் தின்பது பிரவுசர். 4 ஜிபி கணினியில் இருபது டேப் திறந்தால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் மூச்சு வாங்கும். என் பழைய மடிக்கணினிக்கு லினக்ஸைவிட அதிகம் உயிர் கொடுத்தது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டதுதான். 32 பிட் செயலி என்றால் லினக்ஸ் உலகிலும் கதவுகள் மூடிவருகின்றன. 2025இல் வந்த டெபியன் 13ஐ 32 பிட் கணினியில் நேரடியாக நிறுவ முடியாது.

அதே மடிக்கணினியில் முதல்முறை நிறுவியபோது வைஃபை வரவில்லை. அந்தச் சில்லைச் செய்தவர்கள் டிரைவரின் மூல நிரலைத் தரவில்லை, அதனால் அது நிறுவும் கோப்பில் சேரவில்லை. இணையம் இருந்தால்தான் டிரைவரை இறக்கலாம், டிரைவர் இருந்தால்தான் இணையம். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தைப் பகிர்ந்து இறக்கினேன், ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த வழி தெரியாமல் நான் இரண்டு நாள் தவித்தேன். இந்த மாதிரி இடங்களில்தான் புதியவர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றி இரு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் கருவிக்குள் ஒரு கள்ளக் கதவு ஒளித்துவைக்கப்பட்டிருந்தது வெளியானது. அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்ட்டில் பணிபுரியும் பொறியாளர். உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிப் பார்த்தார். தோண்ட முடிந்தது, ஏனென்றால் நிரல் திறந்திருந்தது. ஆனால் கள்ளக் கதவு நுழைந்ததற்கும் அங்கேயே காரணம் இருக்கிறது. உலகமே நம்பியிருந்த அந்தக் கருவியைப் பெரும்பாலும் ஒரே ஒரு தன்னார்வலர் களைத்துப்போன நிலையில் பராமரித்துவந்தார், உதவுவதுபோல் வந்தவர் உள்ளே புகுந்தார். டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனைக் கிளைகள்வரை அது வந்துவிட்டது, நிலையான பதிப்புகளை எட்டும் முன் தடுக்கப்பட்டது. அன்றாட வேலைக்கு நிலையான பதிப்பையே எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இந்த ஒப்பீட்டில் எல்லாவற்றையும் தலைகீழாக்கக்கூடியது, நீங்கள் விட முடியாத அந்த ஒரு மென்பொருள். ஃபோட்டோஷாப் இல்லாமல் பிழைப்பு நடக்காது என்றால் லினக்ஸ் பக்கம் வராதீர்கள்; கிம்ப் நல்ல கருவி, ஆனால் அச்சகத்துக்குப் போகும் அடுக்குக் கோப்புகளில் இடறும். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை, பிரவுசரில் திறக்கும் வடிவம் மட்டுமே. லிப்ரே ஆஃபீஸ் கடிதம், அறிக்கை, சாதாரணக் கணக்குத் தாள் ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். வேர்டு கோப்பில் பக்கங்கள் தள்ளிப்போனால் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். காலிப்ரிக்கு அதே அளவுள்ள கார்லிட்டோவும் கேம்ப்ரியாவுக்குக் கேலடியாவும் இருக்கின்றனவா என்று பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும். எக்செல் மேக்ரோக்களை மட்டும் நம்ப முடியாது. தமிழ்த் தட்டச்சு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தீர்ந்த விஷயம். தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கும்.

விளையாட்டில் நிலைமை நிறையவே மாறியிருக்கிறது. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை 2018இல் கொண்டுவந்தது, 2022இல் லினக்ஸ் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியை விற்கத் தொடங்கியது. இப்போது ஸ்டீமில் பெரும்பகுதி விளையாட்டுகள் ஓடுகின்றன. வேலோரன்ட், ஃபோர்ட்நைட் போல ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை இறுக்கமாக வைத்திருப்பவை ஓடாது.

இன்னொரு கட்டற்ற இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி உறுதியானது, சர்வருக்கு ஏற்றது. மடிக்கணினிக்கு வன்பொருள் ஆதரவு போதாது. விண்டோஸ் மென்பொருளை நேரடியாக ஓட்ட முனையும் ரியாக்ட்ஓஎஸ் 1990களிலிருந்து உருவாகிறது, இன்னும் ஆல்ஃபா என்ற தொடக்கச் சோதனை நிலையைத் தாண்டவில்லை.

ஆக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியுள்ள கணினியும் விட முடியாத விண்டோஸ் மென்பொருளும் இருந்தால் விண்டோஸ் 11இலேயே இருங்கள். ஆதரவு முடிந்த இன்டெல் மேக்கில் லினக்ஸ் ஓடும், டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்புச் சில்லுள்ள 2018–2020 மாடல்களில் மட்டும் கூடுதல் மெனக்கெடல் தேவை. பிரவுசர் மட்டும் போதும், பராமரிக்க ஆளில்லை என்றால் ஃப்ளெக்ஸ். மற்ற எல்லாப் பழைய கணினிகளுக்கும் மின்ட்.

மாறுகிறவர்கள் முதலில் விண்டோஸில் இருந்தபடியே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், விஎல்சி ஆகியவற்றுக்கு ஒரு மாதம் பழகிக்கொள்ளுங்கள். பிறகு மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர், மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடும் முன் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிவைத்துவிட்டுத்தான் கணினி தொடங்கும் முறையைத் தீர்மானிக்கும் பயாஸ் அமைப்புகளில் கைவைக்க வேண்டும்.