‘கெமிக்கலே இல்லை’ என்று விற்கும் கரப்பான் களிம்பு: கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கன்னத்திலோ டயப்பர் கட்டும் இடத்திலோ குழந்தைக்குக் கரப்பான் என்னும் தோல் அழற்சி வந்து சிவந்து தடித்தால், “முழுக்க மூலிகை” என்று வாட்ஸ்அப்பில் விற்கும் ஒரு வெள்ளை டப்பா வீட்டுக்கு வந்துவிடுகிறது. உட்பொருள் பட்டியல், உரிம எண், பேட்ச் எண் எதுவும் அதில் இருக்காது. தடவிய இரண்டே நாளில் தோல் தெளிந்துவிடும். நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். உடனே அடுத்த டப்பா. இந்தச் சுழல்தான் அடையாளம்: உள்ளே ஸ்டீராய்டு, அதாவது தோல் அழற்சியை வேகமாக அடக்கும் மருந்து, இருக்கலாம்.

சொல்லாமல் கலப்பவற்றில் மிக மோசமானது குளோபெட்டாசால். ஸ்டீராய்டுகளில் மிக வலுவான வகை அது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால், தடவியது இரத்தத்தில் அதிகம் சேரும். டயப்பரின் ஈரமும் புழுக்கமும் அதை இன்னும் உள்ளே இழுக்கும். தொடையிடுக்கில் பூஞ்சைத் தொற்று இருந்தால் சிவப்பு மட்டும் மறையும், பூஞ்சை பரவும். தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், கன்னம் உப்பும், உடம்பில் முடி அடர்ந்து வளரும், வளர்ச்சி தடைப்படும். “பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு” என்று வீட்டில் மகிழ்வார்கள். அது தேறிய உடம்பல்ல.

பல வாரம் தடவியிருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். உடல் தானே சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டான கார்டிசால் குறைந்திருக்கலாம். அப்போது காய்ச்சலோ வாந்தியோ வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். டப்பாவோடு உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். டப்பாவை எறியாதீர்கள், ஆய்வுக்கு அதுதான் சான்று.

மருந்துக்கடையிலும் பெயரைக் கவனியுங்கள். குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து, குளோபெட்டாசால் ஸ்டீராய்டு. காதில் ஒன்றுபோல விழும். மூன்று நான்கு மருந்து கலந்த டியூப்களில் பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒளிந்திருக்கலாம். இந்தியாவில் குளோபெட்டாசால் உள்ளிட்ட பல ஸ்டீராய்டு களிம்புகளுக்கு 2018 முதல் மருத்துவர் சீட்டு கட்டாயம். சீட்டில்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சாதாரண டயப்பர் சிவப்புக்கு, நனைந்ததும் மாற்றி, வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, சிறிது நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசினால் போதும். அடுத்த முறை மாற்றும்போது ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டாம், மேலேயே பூசுங்கள். மூன்று நாளில் குறையாவிட்டாலோ, மடிப்புக்குள் சிவந்து சுற்றிலும் பொட்டுப்பொட்டாகப் பரவினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏமாந்தவர்கள் விற்றவரின் செய்திகளையும் பணம் செலுத்திய ரசீதையும் அழிக்காமல் வைத்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க இலவச எண் 1800-180-3024.